இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வந்த அப்பாயியை மறுபடி நடமாட வைப்பது எப்படி?

விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் முதியவரோடு தங்கிப் பார்த்துக்கொள்ள முதல் தடவையாகப் போகிறீர்களா? அவர் உங்கள் சொந்த அப்பாயியாக இருக்கலாம். அட்டனிலோ நுவரெலியாவிலோ சம்பளத்துக்குப் பார்க்கும் வேறொருவராகவும் இருக்கலாம். அவரால் முடிந்ததை நீங்கள் செய்யாமல் இருப்பதுதான் இதில் முக்கியமான வேலை. முறிந்தது இடுப்பு, ஆனாலும் "ஐயோ பாவம்" என்று சோறு ஊட்டத்தான் நம் கை முந்தும். திடமான முதியவர்களே 10 நாள் கட்டிலோடு கிடந்தால் கால்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துவிடுகிறது.

1. வார்ட்டை விட்டு வருமுன்

ஆபரேஷன் செய்த காலில் எவ்வளவு பாரம் போடலாம், குந்தலாமா என்று கேட்டு, பதிலை கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். இடுப்பு மூட்டுக்குப் பதில் செயற்கை மூட்டு வைத்திருந்தால், முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி உட்காரவோ அதிகம் குனியவோ பெரும்பாலும் சில காலம் விடமாட்டார்கள். மீறினால் மூட்டு நழுவலாம். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், இதுதான் பெரிய தலைவலி: அடுப்படிப் பலகையும் தாழ்வு, கக்கூஸும் குந்துவது. ஆகவே கைப்பிடி வைத்த உயரமான கதிரையும் கொமட் கதிரையும் வந்த பிறகே ஆளைக் கூட்டி வாருங்கள்.

2. வீடு

வாசல் படியிலும் கானோரத்திலும் படிந்த பாசியைத் தேய்த்து எடுங்கள். படியோரம் பைப்பில் ஒரு கைப்பிடி. காலில் தடுக்கும் சாக்கு வேண்டாம். டோர்ச் தலைமாட்டில்.

3. எழுந்து நிற்பது

மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது, அவசரப்படாதீர்கள். விடியற்குளிரில் மூட்டு விறைத்திருக்கும். பிளேன்டீ குடித்து, வலி மாத்திரை போட்டு அரை மணியாவது போகட்டும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். உடனே எழுந்தால் தலை சுற்றும்.

கதிரையிலிருந்து எழும்பும்போது முதலில் அதன் விளிம்புக்கு நகரச் சொல்லுங்கள். ஆபரேஷன் கால் சற்று முன்னே, நல்ல கால் பின்னே. இரண்டு கையாலும் கதிரைக் கைப்பிடியை அழுத்தி எழும்ப வேண்டும். வோக்கரை (பிடித்து நடக்கும் நாலுகால் சட்டத்தை) பிடித்து இழுத்தால் அது சரிந்துவிடும். நீங்கள் ஆபரேஷன் செய்த பக்கம், கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. "ஒன்னு, ரெண்டு, எழும்புங்க அப்பாயி" என்று சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள். மூன்று வேளையும், வேளைக்கு ஐந்து தடவை போதும்.

4. படி

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஊன்றுகோல் நல்ல கால் பக்கத்துக் கையில். ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் அவருக்குக் கீழ்ப்படியில்.

5. வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

எதை முதலில் தானாகச் செய்ய ஆசை என்று அவரிடமே கேளுங்கள். பலர் கக்கூஸ் என்பார்கள். அந்நியர் முன் கூச்சம் இருக்கத்தானே செய்யும். கொழுந்தெடுத்துப் பழகிய விரலுக்குக் கீரை ஆய்வது பெரிய காரியமில்லை, உட்கார்ந்தபடி செய்யட்டும். அப்புறம் மேசையோரம் நின்று தேத்தண்ணி ஊற்றட்டும். குளிக்கும்போது முதுகை மட்டும் நீங்கள் தேயுங்கள். வாரம் ஒரு வேலையையாவது உங்கள் கையிலிருந்து அவர் கைக்கு மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வரும் மகள், "வயசானவங்கள வேல வாங்குறீங்களே" என்று கோபிப்பார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டில் முட்டை, பருப்பு, நெத்தலி தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். வெறும் ரொட்டியில் தசை ஊறாது.

6. எப்போது நிறுத்துவது

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இடுப்பில் திடீர் வலி வந்து கால் குட்டையானதுபோல் அல்லது திரும்பியதுபோல் தெரிந்தால் நிற்க வைக்காதீர்கள், அதற்கும் 1990தான். தோட்டத்து ரோட்டில் வாகனம் எதுவரை வரும், அங்கிருந்து யார் யார் தூக்கி வருவார்கள் என்பதை முதல் நாளே லயத்தில் பேசி, அவர்கள் போன் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள்.