கைக்குட்டை கொடுத்தால் கை அடங்கும்

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறீர்களா? ஆளுக்கு இரண்டு கைக்குட்டைகள் கொடுத்து, கைக்கு ஒன்றாக இறுகப் பிடித்துக்கொண்டு ஆடச் சொல்லுங்கள். "கையால் தொடாதே" என்று தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்காது.

பந்து தன்னை நோக்கி வந்தால் கையை நீட்டுவது அந்த வயதின் இயல்பு. விதி நினைவுக்கு வருவதற்குள் கை முந்திக்கொள்ளும். ஏற்கெனவே எதையோ பிடித்திருக்கும் கை அவ்வளவு சுலபமாக விரியாது. பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுப்பதும் இதனால் குறையும், அதுவும் ஃபவுல்தானே. கைக்குட்டைதான் வேண்டும் என்றில்லை, பழைய வேட்டியைக் கிழித்த துண்டே போதும். டென்னிஸ் பந்தைக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் பிள்ளை தடுக்கி விழுந்தால் கையூன்ற வேண்டுமே, அதனால் என் ஓட்டு துணிக்குத்தான்.

கோல்கீப்பருக்கு இது ஒத்துவராது; தன் பெனால்டி பகுதிக்குள் (கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய கட்டம்) கையால் பிடிப்பதுதான் அவர் வேலை. மிகச் சிறியவர்கள் என்றால் கோல்கீப்பரே இல்லாமல், பக்கத்துக்கு நான்கு பேராக ஆடவிடலாம். த்ரோ-இன் எடுக்கும்போது, அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிப்போன பந்தைக் கையால் உள்ளே எறியும்போது, துணியை இடுப்பில் செருகிக்கொள்ளட்டும்: இரண்டு கைகளாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக, இரு பாதங்களும் தரையில் பட எறிய வேண்டும். ஒன்பது, பத்து வயதுக்காரர்களிடம் துணியை நீட்டிப் பாருங்கள், முறைப்பார்கள். அவர்களுக்கு இது தேவையும் இல்லை. நேராக ஆஃப்சைடு விதியை (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி கோலருகே பந்துக்குக் காத்து நிற்பதைத் தடுப்பது) சொல்லிக்கொடுக்கப் போய்விடலாம்.