கோமால் ஆற்றில் டியூபில் மிதக்கக் கிளம்புமுன்

கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை, வெளியே வெயில் 38 டிகிரி. டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இந்த நேரத்தில் காற்றடைத்த ரப்பர் டியூபில் உட்கார்ந்து ஆற்றோட்டத்தோடு மிதக்கச் சரியான இடம் நியூ பிரவுன்ஃபெல்ஸ். ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவே, ஐ-35 சாலையை ஒட்டிய ஊர். கோமால் ஆறு அந்த ஊருக்குள்ளேயே லாண்டா பூங்கா ஊற்றுகளில் பிறந்து, சுமார் இரண்டரை மைல் ஓடி, குவாடலூப்பே ஆற்றில் சேர்ந்துவிடுகிறது. ஊற்றுநீர் என்பதால் வருடம் முழுக்க 22, 23 டிகிரி. கால் வைத்ததும் சிலிர்க்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

பக்கத்திலேயே ஓடும் குவாடலூப்பேயிலும் டியூப் விடுகிறார்கள். அங்கே வருவது கேன்யன் அணையின் அடிமட்டத்திலிருந்து திறக்கும் தண்ணீர். அதனால் இன்னும் சில்லென்றிருக்கும், வேகமும் திறப்பைப் பொறுத்து மாறும். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து வரும் முதல் பயணத்துக்குக் கோமாலே போதும்.

முதலில் பார்க்க வேண்டியது நீரோட்டம். மேட்டூர் அணைச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை: வினாடிக்கு எத்தனை கன அடி என்பதை அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் (USGS) இணையதளத்தில் 'நியூ பிரவுன்ஃபெல்ஸில் கோமால் ஆறு' என்ற அளவீட்டு நிலையத்தின் பெயரில் பார்க்கலாம். 300 கன அடி ஓடினால் மிதவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வறட்சியில் 100 பக்கம் இறங்கினால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆழமில்லாத இடங்களில் டியூப் தரை தட்டும், பாதி வழி கையால் துடுப்புப் போட வேண்டிவரும். 1956 வறட்சியில் ஊற்றுகளே சில மாதம் நின்றுபோன ஆறு இது. ஆகவே குடிநீர், சாப்பாடு, வெயில் காப்பு எல்லாவற்றையும் அன்றைய கன அடியை வைத்துத் திட்டமிடுங்கள். டெக்சாஸின் இந்த மலைப்பகுதி திடீர் வெள்ளத்துக்குப் பேர்போனது. மேலே எங்காவது இடி மழை என்றால் அன்றைக்குப் போகவே வேண்டாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானால் அதுவே எச்சரிக்கை, உடனே கரையேறிவிடுங்கள்.

ஜூலை சனிக்கிழமை மதியம் ஆற்றில் தண்ணீரைவிட டியூப்தான் அதிகம் தெரியும். செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் ஒரு நாளைப் பிடியுங்கள். வார இறுதியே முடியுமென்றால் காலை பத்து மணிக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும். டியூப், வண்டி நிறுத்துமிடம், திரும்பக் கொண்டுவரும் ஷட்டில் மூன்றையும் தரும் வாடகைக் கடைகள் ஆற்றோரம் வரிசையாக உண்டு. டியூபைச் சொந்தமாகக் கொண்டுபோனால் ஒரு காரை இறங்குமிடத்திலும் இன்னொன்றைக் கரையேறுமிடத்திலும் விட வேண்டும். பத்துப் பேர் கூட்டத்துக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. கடையில் தடுப்புத் துணியால் அடி மூடிய டியூப் கேளுங்கள்: ஆழமில்லாத இடத்தில் இடுப்பைப் பாறையிலிருந்து காப்பது அதுதான். கறுப்பு ரப்பர் வெயிலில் கொதிக்கும். உட்காருமுன் தண்ணீர் தெளித்து, காற்றடைக்கும் வால்வு தொடையில் உரசாதபடி கீழ்ப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஐந்தடிக்கு மேற்பட்ட பெரிய மிதவைகளுக்கு ஊர் எல்லைக்குள் அனுமதி இல்லை. கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய ஃபிளமிங்கோ பறவை வடிவ மிதவை வீட்டிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் பழக்கம் கைகொடுக்கிறது. ஊருக்குள் ஆற்றில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பாட்டில், கேன், நெகிழிப் பை, தெர்மகோல் எதற்கும் இடமில்லை. 2011-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த விதி, நடுவில் நீதிமன்றத்தில் தடைபட்டு, 2017-ல் மீண்டும் உயிர்பெற்றது. கண்ணாடிக்கும் தடை. ஆக, எவர்சில்வர் டப்பாவும் ஸ்டீல் பாட்டிலும்தான் இங்கே சட்டப்படியான பாத்திரங்கள். புளியோதரை கெடாது. தயிர்சாதம் ஐஸுக்கு நடுவே இருந்தால் தாங்கும். 5 அவுன்ஸுக்குக் குறைவான குட்டிப் பாத்திரங்களும் கூடாது என்பதால் ஊறுகாய்க்குத் தனிச் சம்படம் வேண்டாம், சாதத்தின் மேலேயே ஒரு ஓரத்தில் வைத்துவிடுங்கள். கூலரின் அளவுக்கும் வரம்பு உண்டு, கவிழ்ந்தாலும் திறக்காத பூட்டு வேண்டும். அதற்கென்று ஒரு டியூப் வாடகைக்கு எடுங்கள், யார் மடியிலும் வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது. கூடவே உப்பிட்ட நீர்மோர் ஒரு ஃபிளாஸ்க்.

உடையில்தான் நம்மவர்கள் தடுமாறுவது. நனைந்த பருத்திப் புடவை பாரமாகிக் காலைச் சுற்றும், துப்பட்டா மரவேரில் மாட்டும். அம்மாவும் அத்தையும் ஆற்றில் இறங்குவதென்றால் லெகிங்ஸும் முழுக்கைச் சட்டையும் போடச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், மெட்டியும் அப்படியே. தங்கம் எதுவும் தண்ணீருக்குப் போகக் கூடாது. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்குள்ளே ஊக்கு போட்டுக்கொள்ளட்டும். செருப்பு முதல் திருப்பத்திலேயே போய்விடும், குதிகாலில் வார் உள்ள சாண்டல் வேண்டும். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். மின்னணுக் கார் சாவி நனைந்தால் வீடு திரும்ப முடியாது, வாடகைக் கடையில் கொடுத்துவைக்க முடியுமா என்று கேளுங்கள். செல்போன் உறையை முதல் நாளே உள்ளே ஒரு டிஷ்யூ வைத்து வாளியில் அரை மணி அமுக்கிப் பாருங்கள். வெயில் படும் பாகங்களில் பலர் மறப்பது கணுக்கால், பாதத்தின் மேற்புறம், முழங்கால். மல்லாந்து மிதக்கும்போது இவைதான் முழு நேரமும் காய்கின்றன.

பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட், நீந்தத் தெரிந்தாலும். கையில் மாட்டும் காற்றுப் பைகள் அதற்கு ஈடாகாது. போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. நீச்சல் தெரியாத பெரியவர்களும் போடலாம், ஆற்றில் அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பெரியவர் என்று கிளம்புமுன்பே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். 'எல்லாரும் பார்த்துப்போம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவரும் நன்றாக நீந்துபவர்கள். டியூப்களை நாலைந்தாகச் சேர்த்து, பக்கத்தவர் டியூபில் காலைப் போட்டுக்கொண்டு போவது போதும். நீளக் கயிற்றால் பத்தைக் கட்டினால் பாலத் தூணில் இரண்டு பக்கமும் தொங்கி அங்கேயே சிக்கும். கயிறு கழுத்திலோ காலிலோ மாட்டினால் அவிழ்க்க நேரமிருக்காது.

வழியில் கவனம் கேட்கும் ஒரே இடம் கிளெமென்ஸ் அணையை ஒட்டிய டியூப் சறுக்கு, அதாவது டியூபோடு சறுக்கி இறங்கும் நீர்வழி. அணைச் சுவரின் மேல் வழியும் நீர் கீழே சுழன்று ஆளை உள்ளே இழுக்கும். ஆகவே அணைப் பக்கம் ஒதுங்காமல் சறுக்குக்கான வரிசையிலேயே போக வேண்டும். அதற்குமுன் எல்லா டியூப்களையும் பிரித்து, ஒவ்வொருவராக, கால் முன்னாலும் இடுப்பைத் தூக்கியும், கையால் டியூபைப் பற்றியும் இறங்குங்கள். கீழே கவிழ்ந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறையிடுக்கில் கால் மாட்டும். மல்லாந்து மிதந்து அமைதியான நீருக்கு வாருங்கள். விருப்பமில்லாதவர்கள் முன்னாலேயே கரையேறி, நடந்து கடந்து மறுபடி இறங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவும் சிரமம்தான். அவர்கள் லாண்டா பூங்காவில் மர நிழலில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகள் வரும் நேரத்துக்குக் கரையேறுமிடத்துக்கு வந்தால் போதும்.

கடைசிப் பொதுக் கரையேறுமிடத்தின் அறிவிப்பு கண்ணில் பட்டதும் கரைப் பக்கம் துடுப்புப் போடத் தொடங்குங்கள், படி எதிரே வரும்வரை காத்தால் ஓட்டம் தாண்டவிட்டுவிடும். முன்னால் போனவர் ஏறி நின்று ஒவ்வொருவரையும் எண்ணி இழுத்துவிடட்டும். கடைசி ஷட்டில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே கேட்டு, ஒருவர் நீர் புகாத கைக்கடிகாரம் கட்டியிருக்க வேண்டும்.