கத்திரிக்கு மருந்து வாங்கும்போது லேபிளில் என்ன பார்க்க வேண்டும்

போன ஆவணியில் ஒரு சாயங்காலம். எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் கத்திரி விவசாயி ஒருவர் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பச்சை முக்கோணம்தானே பாப்பா? இன்னைக்கு அடிச்சுட்டு நாளான்னைக்குப் பறிச்சுக்கலாம்ல?" என்றார். அவர் கையில் இருந்தது குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி என்ற புழு மருந்து. கத்திரியில் அதை அடித்தால் 22 நாள் கழித்துத்தான் காய் பறிக்க வேண்டும்.

இருபது வருடமாகக் கத்திரி போடுகிறவர் அவர். பச்சை என்றால் பாதுகாப்பு என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். அவரைப் போலத் தினமும் யாராவது கேட்கிறார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அப்பா ஆரம்பித்த மருந்துக்கடையை நான் பார்க்க ஆரம்பித்து 11 வருடம் ஆகிறது. ஹைதராபாத் மேனேஜ் நிறுவனம் மருந்துக்கடைக்காரர்களுக்காக நடத்தும் டேசி பட்டயத்தை வாரம் ஒரு நாள் வகுப்பாக 48 வாரம் படித்து முடித்தேன். அந்த வகுப்புக்குப் போகும்வரை எனக்கே இந்த முக்கோணத்தின் அர்த்தம் சரியாகத் தெரியாது. அதனால், பணம் கொடுக்கும் முன் பாட்டிலில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பதிவு எண். 1958ல் கேரளாவில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துபோன கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்தும் தானியமும் ஒரே கப்பலில் வந்ததால் நேர்ந்தது அது. அதற்குப் பிறகுதான் 1968ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு புது மருந்தை விற்க வேண்டுமானால், பதிவுக் குழுவிடம் விவரங்களைக் கொடுத்துப் பதிவு வாங்க வேண்டும். எலிக்கும் மீனுக்கும் தேனீக்கும் என்ன ஆகிறது, மண்ணில் எவ்வளவு நாள் கிடக்கிறது, காயில் எவ்வளவு தங்குகிறது எல்லாம் அதில் வரும். பதிவான மருந்தின் லேபிளில் 'சிஐஆர்' என்று தொடங்கும் ஒரு நீளமான எண் இருக்கும். வேப்பெண்ணெய் மருந்து, டிரைக்கோடெர்மா, பிடி பாக்டீரியா பொடி போன்ற உயிரி மருந்துகளுக்கும் இந்த எண் கட்டாயம். பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி விற்கிற பாட்டிலில் அந்த எண் இல்லையா, கீழே வைத்துவிடுங்கள். கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

இதில் எனக்கே ஒரு அடி விழுந்தது. கடையை எடுத்து நடத்த ஆரம்பித்த புதிதில் ஒரு பிரதிநிதி வந்து, 'நூறு சதம் ஆர்கானிக், புழு மட்டுமில்லை, செடியே செழிக்கும்' என்று இரண்டு பெட்டி பாட்டில் இறக்கினார். லேபிளில் இலையும் சூரியனும் பெரிதாக இருந்தன, பதிவு எண் இல்லை. நான் கேட்டதற்கு 'இது இயற்கை, இதுக்கெல்லாம் வேண்டாம்' என்றார். நானும் விற்றேன். காலையில் அடித்த தோட்டத்தில் மத்தியானத்துக்குள் புழு கொத்துக் கொத்தாக விழுந்தது என்று சந்தோஷமாக வந்து சொன்னார்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் மாதிரி இயற்கை மருந்து இவ்வளவு வேகமாக வேலை செய்யாதே என்று அப்பாவுக்குத்தான் உறைத்தது. வேளாண்மை அலுவலர் வந்து மாதிரி எடுத்து மூன்று பங்காக்கி சீல் வைத்தார். ஒன்று எங்களிடம், ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று நீதிமன்றத் தேவைக்கு. லேபிளில் இல்லாத ரசாயனப் பூச்சிக்கொல்லி உள்ளே இருப்பதாக அறிக்கை வந்தது. ஆர்கானிக் என்று நம்பி மறுநாளே காய் பறித்தவர்கள் எத்தனை பேர் என்பதை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

'டானிக்', 'பூஸ்டர்', கடற்பாசிச் சாறு, ஹியூமிக் எல்லாம் வேறு கணக்கு. அவை பூச்சிமருந்துச் சட்டத்தில் வராது. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, உயிரி ஊக்கிகள் என்ற பெயரில் அவற்றையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். டானிக் வாங்கும்போது அந்த ஆணையின்படி அனுமதி உள்ளதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பூவும் பிடிக்கும், புழுவும் சாகும் என்று ஒரே பாட்டில் சொன்னால், அதற்கு எந்தச் சட்டத்தில் அனுமதி என்று அவசியம் கேளுங்கள்.

சரி, முக்கோணம். சதுரத்தைச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும் படத்தின் கீழ்ப்பாதி நிறம்தான் அது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. மருந்தை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, பாதி எலிகள் சாகிற அளவைக் கணக்கிடுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் செத்தால் சிவப்பு, மண்டையோட்டுப் படமும் இருக்கும். 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கும் மேல் என்றால் பச்சை. அந்த நிறம் பேசுவது, மருந்தைக் கலக்கி அடிக்கிற ஆளுக்கு உடனடியாக வரக்கூடிய ஆபத்தைப் பற்றி. காயில் எத்தனை நாள் மருந்து தங்கும் என்பது அதில் கிடையாது. பச்சைதானே என்று சட்டை போடாமல் அடிப்பதும் தப்பு. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி இல்லாமல் எந்த நிற மருந்தையும் தொடாதீர்கள்.

காய்க்கான பதில் பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டுத்தாளில் இருக்கிறது. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், ஆனால் பிரித்துப் படிக்க வேண்டியது அதைத்தான். தமிழிலும் அச்சடித்திருப்பார்கள். படிக்க முடியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் ஒரு அட்டவணை இருக்கும்: பயிர், பூச்சி, அளவு, தண்ணீர், கடைசியாக, அடித்த பிறகு பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாள். அரசு கொடுக்கும் அனுமதி பயிர்வாரியானது. அந்த அட்டவணையில் உங்கள் பயிர் இல்லையென்றால் உங்கள் பயிருக்கு அந்த மருந்து இல்லை என்று அர்த்தம். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறியில் அடிக்கவே கூடாது என்று தடை வந்ததும் அப்படித்தான்.

நான் முதலில் சொன்ன குளோரான்ட்ரனிலிப்ரோலையே எடுத்துக்கொள்வோம். அது தக்காளிக்கு 3 நாள், வெண்டைக்கு 5 நாள், கத்திரிக்கு 22 நாள். ஒரே பாட்டில்தான், பயிருக்குப் பயிர் நாள் மாறுகிறது. கத்திரிக்கு எக்டருக்கு 200 மில்லி, அதாவது ஏக்கருக்கு 80 மில்லி. 200 லிட்டர் தண்ணீரில் அடிப்பதாக வைத்தால் 10 லிட்டர் டேங்குக்கு 4 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள், அளவுக் குப்பியால் அளந்து ஊற்றுங்கள்.

கத்திரியை நான்கு நாளுக்கு ஒரு முறை பறிக்கிறோம். 22 நாள் எப்படிக் காத்திருப்பது? முடியாது. அதனால் அந்த மருந்தைக் காய் பிடிக்கும் முன்பே, நுனிக்குருத்து வாடித் தொங்க ஆரம்பிக்கும்போது அடித்து முடித்துவிட வேண்டும். பறிப்பு தொடங்கிய பிறகு காத்திருக்கும் நாள் குறைவான மருந்துக்கு மாறலாம். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜிக்குக் கத்திரியில் 3 நாள். கூடவே, வாடிய குருத்தைக் கிள்ளி எரிப்பதும், ஆண் அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து வைப்பதும் மருந்துச் செலவைக் குறைக்கும். மருந்து விற்கிற நான்தான் இதையும் சொல்கிறேன்.

'புழுவே விழாத கத்திரி விதை' என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். புழுவைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பிடி கத்திரியை உருவாக்கியதில் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு 2009ல் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசத்தில் அது சாகுபடியில் இருக்கிறது. இங்கே வணிக சாகுபடிக்கு அனுமதி உள்ள மரபணு மாற்றப் பயிர் பிடி பருத்தி மட்டும்தான், அதுவும் 2002லிருந்து. அனுமதி இல்லாத விதையில் நஷ்டம் வந்தால் யாரிடமும் முறையிட முடியாது.

பில் கேட்டு வாங்குங்கள். அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மீதி மருந்தைத் திறக்காமல் அந்தப் பில்லோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். கிசான் கால் சென்டர் எண் 1800 180 1551, தமிழிலேயே பேசலாம். என் கடைப் பில்லின் பின்பக்கம் நான் இரண்டு தேதி எழுதித் தருகிறேன்: அடிக்கிற நாள், பறிக்கலாம் என்கிற நாள். உங்கள் கடைக்காரர் எழுதவில்லை என்றால் நீங்களே எழுதி மோட்டார் அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

அடிக்கும்போது யாருக்காவது தலை சுற்றல், வாந்தி, கண்மணி சுருங்குவது, எச்சில் ஊறுவது என்று தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 108ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் எண் 1800 116 117. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாட்டிலையும் அந்தத் துண்டுத்தாளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார், மாற்று மருந்து என்ன என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.