கரீபியன் தீவின் இளைஞர் அலுவலகத்தில் கடுப்பாகாமல் காரியம் பார்ப்பது எப்படி

செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிகா, செயின்ட் வின்சென்ட் என்று கிழக்குக் கரீபியன் தீவு ஒன்றின் அரசு இளைஞர் துறைக்குத் தன்னார்வலராகவோ ஒப்பந்தத்திலோ வேலைக்குப் போகிறவர்கள், முதல் மாதமே "இங்கே எதுவும் நகர மாட்டேங்குது" என்று புலம்பத் தொடங்கிவிடுவார்கள். நகரும். எந்த மாதத்தில், யார் மேசை வழியாக என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

போனதும் நிதியாண்டைக் கேளுங்கள். செயின்ட் லூசியாவில் ஏப்ரல் 1, டொமினிகாவில் ஜூலை 1, கிரெனடாவிலும் செயின்ட் வின்சென்டிலும் ஜனவரி 1. பிறகு பட்ஜெட் மதிப்பீட்டுப் புத்தகத்தில் உங்கள் துறைக்கான பக்கத்தைப் பாருங்கள். பெரும்பகுதி சம்பளத்துக்கே போயிருக்கும். மிச்சமாக அச்சிட்டிருக்கும் தொகையும் கையில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நிதி அமைச்சு அதைத் தவணை தவணையாகத்தான் விடும், ஆண்டுக் கடைசியில் புது ஆர்டர்களை நிறுத்தியும்விடும். நிதியாண்டின் இரண்டாம் மாதத்தில் ஆரம்பித்து ஒன்பதாம் மாதத்துக்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிடுவது நல்லது.

ஒரு பிரிண்டர் டோனர் வாங்கும் வழியைப் பாருங்கள்: கடைகளிடம் கொட்டேஷன், கோரிக்கைப் படிவம், நிரந்தரச் செயலாளரின் (அமைச்சின் தலைமை அதிகாரி) கையெழுத்து, கணக்குப் பிரிவில் நிதி ஒதுக்கீடு, பர்ச்சேஸ் ஆர்டர், அதன் பிறகே பொருள். சிக்குவது இரண்டு இடத்தில். கொட்டேஷன் பெரும்பாலும் 30 நாள்தான் செல்லும். ஃபைல் ஆறு வாரம் தூங்கினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் வாங்கும்போதே 90 நாள் செல்லுபடி எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, பழைய பாக்கி இருக்கும் கடை அரசு ஆர்டரையே எடுக்காது. கொட்டேஷன் கேட்கும் முன்பே, ஆர்டர் எடுப்பார்களா என்று விசாரித்துவிடுங்கள். அவசரத்துக்குச் சொந்தக் காசைப் போடாதீர்கள். திரும்பி வருவது கடினம். அடுத்த முறையும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

வெளிநாட்டு நிதியுதவி வந்தால் கணக்கு சுலபம்: கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்றே நிற்கிறது. மாற்று விகிதத்துக்காகத் தனியே பணம் ஒதுக்க வேண்டாம். அதைக் கப்பல் கூலிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் வையுங்கள். சுங்க வரி விலக்குக்கான கடிதத்தைப் பொருள் வந்து சேரும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள். பெட்டி வந்த பிறகு அலைந்தால் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும்.

நன்கொடையாக வரும் கருவிகளிடம் உஷார். இந்தத் தீவுகளில் மின்சாரம் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து அனுப்பிய 110 வோல்ட் பிரிண்டரை அடாப்டர் மட்டும் மாட்டிச் செருகினால் போச்சு. பின்பக்க லேபிளைப் படித்து, தேவையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். தாளில் மையைப் பதிக்கும் உருளை சூடாகும் நொடியில் மின்சாரத்தை அள்ளி இழுக்கும், சின்ன யுபிஎஸ் தாங்காது. கம்ப்யூட்டரும் ரவுட்டரும் மட்டும் அதில் இருக்கட்டும்.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் "குட் மார்னிங்". இதை விட்டுவிட்டு நேராக "அந்த ஃபைல் என்னாச்சு?" என்று கேட்டால் மரியாதை தெரியாத ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள், ஃபைலும் அங்கேயே கிடக்கும். இருட்டிய பிறகு ஒருவரைச் சந்திக்கும்போதே "குட் நைட்" என்பார்கள். விடைபெறுகிறார்கள் என்று எண்ணிக் கிளம்பிவிடாதீர்கள். கணக்கர், அமைச்சரின் செயலர், டிரைவர் ஆகிய மூவரோடும் பழக்கம் முக்கியம். இயக்குநர் ஊரில் இல்லாத வாரத்திலும் வேலை நடப்பது இவர்களால்தான்.

இளைஞர் கூட்டத்தின் நேரத்தை மினிபஸ் தீர்மானிக்கும். இருட்டிய பின் பல தடங்களில் வண்டி குறைந்துவிடும், ஞாயிறன்று இன்னும் மோசம். பள்ளி விட்டதும் தொடங்கி ஆறு மணிக்குள் முடியுங்கள். துறையின் ஒரே ஜீப்பை நம்பித் தேதி குறிக்காதீர்கள்; அதே நாளில் அமைச்சருக்கும் அது வேண்டியிருக்கும். அழைப்பு வாட்ஸ்அப்பில் போகட்டும், முந்தின நாள் மாலை மறுபடி ஒரு நினைவூட்டல். கார்னிவல் வாரங்களில் எதையும் வைக்காதீர்கள். டொமினிகாவில் அது தவக்காலத்துக்குச் சற்று முன்பு, செயின்ட் லூசியாவில் ஜூலை, கிரெனடாவில் ஆகஸ்ட்.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் வரை பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 2024இல் பெரில் புயல் ஜூலை 1ஆம் தேதியே கிரெனடாவின் கரியாகூ தீவைத் தாக்கியது. பயிற்சி நடத்தும் சமூகக் கூடமே நிவாரண முகாமாகிவிடும், எப்போது திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உறுப்பினர் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, தண்ணீர் புகாத உறையில் ஒரு பிரதி வையுங்கள்; கரண்டும் சிக்னலும் போன பின் அதுதான் உதவும்.

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஒப்படைப்பைத் தொடங்குங்கள். ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் குழு, கூகுள் படிவங்கள் உங்கள் சொந்தக் கணக்கில் இருந்தால், துறையின் மின்னஞ்சலுக்கும் கைபேசி எண்ணுக்கும் மாற்றி, நிரந்தர ஊழியர்கள் இருவரையாவது நிர்வாகியாக்குங்கள். ஒருவர் போதாது, வேறு துறைக்கு மாற்றலாகிப் போய்விடுவார்.