அரை இன்ச்சில் நாலு வகை: ஹைட்ராலிக் ஃபிட்டிங் வாங்குவதும் மாட்டுவதும்

ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இயந்திரங்களின் குழாய்களை இணைக்கும் சாமான்தான் ஃபிட்டிங்; அதில் ஒரு வகை நிப்பிள். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: "அண்ணே, அரை இன்ச் நிப்பிள் ஒன்னு கொடுங்க." எந்த அரை இன்ச் என்று கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். 12.7 மில்லிமீட்டர் வெளிவிட்டம் உள்ள டியூப் அரை இன்ச்தான். 21.3 மில்லிமீட்டர் வெளிவிட்டம் உள்ள பைப்பும் அரை இன்ச்தான். பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை) அரை இன்ச் ஆண் மரையை, அதாவது வெளிப்பக்கம் வெட்டிய மரையை, வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் 21 மில்லிமீட்டர் காட்டும், ஜேஐசி (37 டிகிரி கூம்பு முகமுள்ள அமெரிக்க வகை) அரை இன்ச் 19தான் காட்டும். டியூபை வெளிவிட்டத்தால் அளக்கிறோம். பைப்புக்கும் பைப் மரைக்கும் உள்ள அளவு வெறும் பெயர், அதை எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் அரை இன்ச் வராது.

அதனால் கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டு வாருங்கள். அது மாட்டியிருந்த எதிர்ப்பக்கத்தைக் கழற்ற முடியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். மரையைவிட உள்ளே சீல் ஆகும் இடம் தெரிகிற மாதிரி எடுங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மரை இழுத்துப் பிடிப்பதற்கு. எண்ணெயைத் தடுப்பது பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது: கூம்பு முகத்தில், ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்), அல்லது வாஷரில்.

நம் ஊர்த் தோட்டங்களில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம். பிரிட்டிஷ்காரன் காலத்து வழக்கத்தால் கடையில் எது கேட்டாலும் பிஎஸ்பிதான் முதலில் கைக்கு வரும். அமெரிக்க டிராக்டரில் ஜேஐசியோ ஓ-ரிங் முகமோ இருக்கும். கோமாட்சு போன்ற ஜப்பான் இயந்திரங்களில் மில்லிமீட்டர் மரையோடு 30 டிகிரி கூம்பு. ஜெர்மன் பம்பு என்றால் 24 டிகிரி கூம்பு, அதிலும் எல் (லேசானது), எஸ் (கனமானது) என்று இரண்டு வரிசை: 12 மில்லிமீட்டர் டியூபுக்கு எல் வரிசையில் மரை 18 மில்லிமீட்டர், எஸ் வரிசையில் 20. இத்தனையும் ஒரே பட்டறை அலமாரியில் ஒரே பால் டின்னுக்குள் கிடக்கும்.

ஏமாற்றுகிற ஜோடிகள் இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முதலாவது பிஎஸ்பியும் என்பிடியும் (அமெரிக்க பைப் மரை). அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் இரண்டுக்குமே ஓர் இன்ச்சுக்கு 14 மரை. கையால் சுற்றினால் சில சுற்று ஏறிவிடும். ஆனால் பிஎஸ்பி மரையின் கோணம் 55 டிகிரி, என்பிடி 60. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் இறுகிய மாதிரி இருக்கும், சூடேறியதும் ஒழுகும். கால் இன்ச்சில் 19க்கு 18 என்று வித்தியாசம் இருப்பதால் சீக்கிரமே முரண்டு பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அரையும் முக்காலும்தான் ஆபத்து.

இரண்டாவது 37 டிகிரி ஜேஐசியும் 45 டிகிரி ஃபிளேரும் (அதுவும் கூம்பு முகம்தான்). அரை இன்ச்சில் இரண்டின் மரையும் ஒன்றே: 19 மில்லிமீட்டர், இன்ச்சுக்கு 16. கடைசி வரை அழகாக ஏறும். ஆனால் கூம்பும் கூம்பும் ஒரு கோட்டில் மட்டுமே தொடும். இதில் 45 டிகிரி ஏர்கான் வேலைக்கு வருகிற பித்தளைச் சாமான், ஹைட்ராலிக்கில் அதற்கு இடமே இல்லை. ஒரு வெர்னியர், ஒரு மரை கேஜ், கூம்புக் கோணம் பார்க்கும் தகடு மூன்றும் இருந்தால் இந்தச் சண்டை தீர்ந்துவிடும்.

அடுத்தது அழுத்தம். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 1 மெகாபாஸ்கல் என்பது 10 பார். டிராக்டர் ஹைட்ராலிக் சாதாரணமாக 200 பாரை ஒட்டி ஓடும், அதாவது சுமார் 2900 பிஎஸ்ஐ. ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் கிளாஸ் 150 ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) எல்போவில் 150 என்பது ஆவிக்கு உள்ள பிஎஸ்ஐ கணக்கு. "கனமாத்தானே இருக்கு" என்று அதை எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். பைப் வேலைக்கு ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) கிளாஸ் 3000 அல்லது 6000 வாங்குங்கள். அந்த எண்களையும் நேரே பிஎஸ்ஐ என்று படிக்க வேண்டாம், எந்தக் கனப் பைப்போடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து அனுமதி அழுத்தம் மாறும். ஹோஸிலும் அப்படித்தான்: ஒரு கம்பி அடுக்கு உள்ள 1எஸ்என் அரை இன்ச் 160 பார், இரண்டு அடுக்கு உள்ள 2எஸ்என் 275 பார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கறுப்பு ரப்பர்தான், மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒரு வரிசையில் எது பலவீனமோ அதன் அளவுதான் முழு வரிசைக்கும் அளவு.

வாங்கும்போது சாமானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூம்பு முகத்தில் நகத்தால் இழுத்தால் கீறல் தட்டுகிறதா? மரையின் முதல் பல் நசுங்கியிருக்கிறதா? தயாரித்தவன் முத்திரையும் அளவும் அடித்திருக்கிறதா? முத்திரையே இல்லாத சாமானை உயர் அழுத்தத்துக்கு நான் விற்பதில்லை. 2023 மார்ச் வெள்ளத்தில் நம் பக்கத்து ஊர்கள் மூழ்கிய பிறகு, தண்ணீரில் கிடந்த ஃபிட்டிங்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மலிவாகக் கொடுத்தார்கள். மரை பளபளக்கும். உள்ளே சீட்டில் (சீல் ஆகும் முகத்தில்) துரு தின்ற குழி இருக்கும், அதைப் பிரஷ் என்ன செய்யும்?

சரி, மாட்டுவதற்கு வருவோம். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அழுத்தத்தை இறக்குங்கள். டிரெய்லர் தொட்டியைத் தரைக்கு இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று தடவை ஆட்டுங்கள். தூக்கியே வைத்திருக்க வேண்டிய வேலை என்றால் இரும்புத் தாங்கி கொடுக்காமல் கீழே தலை வைக்காதீர்கள். செம்பனை ஆலையில் ப்ரெஸ்ஸின் ஹைட்ராலிக்கில் அக்குமுலேட்டர் (அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் கலம்) இருந்தால், மோட்டாரை நிறுத்தினாலும் உள்ளே அழுத்தம் நிற்கும். அதன் வால்வைத் திறந்து, கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கை வைக்க வேண்டும்.

வெள்ளை டேப் கூர்மரைக்கு (நுனியை நோக்கிச் சிறுத்துப் போகும் மரைக்கு) மட்டும். அதிலும் முதல் இரண்டு பல்லை விட்டுவிட்டு, மரை போகும் திசையிலேயே சுற்றுங்கள். ஜேஐசியில், ஓ-ரிங்கில், டௌட்டி வாஷர் (ரப்பர் ஒட்டிய உலோக வளையம்) போடும் நேர்மரையில் டேப் சுற்றினால் ஒரு பயனும் இல்லை, பிய்ந்த துணுக்கு போய் வால்வு ஸ்பூலில் (உள்ளே நகரும் தண்டில்) சிக்கிக்கொள்ளும். கழற்றிய வாயில் துணியைத் திணிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் மூடி சில காசுதான்.

அழுத்தக் கேஜுக்குப் போகும் ஸ்டெயின்லெஸ் டியூபில் வரும் இரட்டை ஃபெரூல் வகையை (டியூபைக் கவ்விப் பிடிக்க இரண்டு வளையம் உள்ளதை)க் கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டும். டியூபை நேர்க்கோணத்தில் வெட்டி, உள்ளும் வெளியும் பிசிறு நீக்குங்கள். மேலே நீளவாக்கில் கீறல் இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள், அந்தக் கோட்டின் வழியே ஒழுகும். டியூபை உள்ளே தோளில் முட்டும் வரை தள்ளி, நட்டைக் கையால் இறுக்கி, நட்டில் ஆறு மணி இடத்தில் மார்க்கர் கோடு போடுங்கள். உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை ஒன்றேகால் சுற்று சுற்றினால் கோடு ஒன்பது மணிக்கு வந்து நிற்கும். இது கால் இன்ச்சும் அதற்கு மேலும். அதைவிடச் சின்னது என்றால் முக்கால் சுற்று போதும். இடைவெளி கேஜை நட்டுக்கும் உடலுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். கழற்றி மறுபடி மாட்டும்போது ஒன்றேகால் கணக்கு கிடையாது, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கொஞ்சம் மட்டும் கூட்டினால் போதும். ஒரு கம்பெனி நட்டையும் இன்னொரு கம்பெனி ஃபெரூலையும் கலக்காதீர்கள்.

ஜேஐசிக்கு அந்தந்தக் கம்பெனியின் டார்க் (இறுக்கும் முறுக்கு அளவு) அட்டவணை இருக்கிறது, அதைப் பாருங்கள். "ஒழுகுது, இன்னும் ஒரு அழுத்து" என்று ஸ்பேனருக்குப் பைப் மாட்டி இழுத்தால் கூம்பு நசுங்கும், அல்லது நட்டு வெடிக்கும். சரியான டார்க்கில் ஒழுகினால் முகத்தில்தான் கோளாறு. கழற்றிப் பாருங்கள். ஹோஸ் மாட்டும்போது அதன் மேலுள்ள எழுத்து வரி நேராக ஓட வேண்டும், சுருண்டால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

புதிதாகப் போட்ட பைப் வரிசையைக் காற்றால் சோதிக்காதீர்கள். காற்று அமுங்கிச் சக்தியைச் சேர்த்துவைக்கும், பிய்த்துக்கொண்டால் சாமான் பறக்கும். தண்ணீரால், அல்லது அதே எண்ணெயால், படிப்படியாக ஏற்றுங்கள். பாய்லர் ஆவிக் குழாய் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆலை எஞ்சினியரிடம் போங்கள், அது ஜேகேகேபி (அரசின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) கண்ணுக்குக் கீழே நடக்க வேண்டிய வேலை.

ஓட்டிப் பார்க்கும்போது ஒழுக்கைக் கையால் தடவித் தேடவே கூடாது, கையுறை போட்டிருந்தாலும் கூடாது. நீளமான அட்டைத் துண்டைக் காட்டுங்கள், ஈரமாகும் இடம் தெரியும். ஒழுகும் ஃபிட்டிங்கை அழுத்தம் இருக்கும்போதே இறுக்கவும் கூடாது. ஊசித்துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அதற்கு 7 பாரே போதும் என்கிறார்கள், நம்முடையது 200. வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிக்காமலும் இருக்கலாம். உள்ளே தசை அழுக ஆரம்பிக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து தடவிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், நேரே சிகாமட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "கையில் வெட்டு" என்று சொல்லாமல், உயர் அழுத்த எண்ணெய் தோலுக்குள் போய்விட்டது என்று சொல்லுங்கள். என்ன எண்ணெய், எத்தனை பார், எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும் சொல்லுங்கள். எண்ணெய் டின்னின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போனால் நல்லது. அறுவை நடக்கலாம் என்பதால் வழியில் தேநீர்கூட வாங்கிக் கொடுக்காதீர்கள்.