புது மாடல் வரட்டும் என்று காத்திருப்பதா?

“அடுத்த மாடல் வந்ததும் இப்போதைய மாடலின் விலை இறங்கும், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.” ஆப்பிளின் மேக்புக் ஏர் லேப்டாப் வாங்க நினைக்கும் பலர் போடும் கணக்கு இது. ஆனால் 2022 ஜூன் 6 அன்று எம்2 ஏர் (எம்1, எம்2 என்பவை உள்ளே இருக்கும் ஆப்பிள் சிப்பின் பெயர்கள்) அறிவிக்கப்பட்டபோது, அமெரிக்காவில் பழைய எம்1 ஏர் அதே 999 டாலரில்தான் விற்றது. இந்தியாவிலோ 92,900 ரூபாயாக இருந்த அதன் விலை 99,900 ஆக ஏறியது. எம்2 ஏர் விற்பனைக்கு வந்ததோ ஜூலை 15 அன்றுதான். அறிவித்த மறுநாளே கையில் கிடைக்கும் என்று நம்பிக் கல்லூரி திறக்கும் நேரத்தில் காத்திருப்பவர்களுக்கு இந்த ஐந்து வாரம் சின்ன விஷயமில்லை.

எல்லாப் புது மாடலையும் ஒரே தராசில் நிறுப்பதைத்தான் ஆகப் பெரிய தவறு என்பேன். 2020 ஜூனில், இன்டெல் சிப்பைக் கைவிட்டுச் சொந்த சிப்புக்கு மாறப்போவதாக ஆப்பிள் வெளிப்படையாகவே அறிவித்தது. நவம்பரில் எம்1 ஏர் வந்தது. அந்த இடைவெளியில் அவசரப்பட்டு இன்டெல் ஏர் வாங்கியவர்களுக்கு, 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ என்ற புது இயங்குதளம் கிடைக்கவில்லை. சில மாதம் பொறுத்து எம்1 வாங்கியவர்களுக்குக் கிடைத்தது. அடிப்படையே மாறப்போகிறது என்று தயாரித்த நிறுவனமே சொன்னால் தயங்காமல் காத்திருங்கள். எம்2-க்கும் எம்3-க்கும் இடையிலான வித்தியாசம் அப்படிப்பட்டதல்ல. கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் வாங்குபவர் அதை உணரக்கூட மாட்டார்.

இன்னொரு தவறு, பெட்டியைத் திருப்பிப் பார்க்காமல் பணம் கட்டுவது. 2024 அக்டோபர் இறுதியில் எம்2, எம்3 ஏர்களின் ஆரம்ப ரேம் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆனது. மாடல் பெயர் மாறவில்லை, ஆரம்ப விலையும் ஏறவில்லை. அந்த நேரத்தில் பெட்டியின் ஸ்டிக்கரில் ரேம் அளவைச் சொல்லும் ஒரு சிறிய எண்தான் பழைய சரக்கைக் காட்டிக்கொடுக்கும். ரேம் போர்டோடு பிணைந்தது, பிறகு கூட்ட முடியாது.

என் அண்ணன் மகள் எம்4-க்காக டிசம்பரிலிருந்து காத்திருந்தாள். கீல் உடைந்த பழைய லேப்டாப்பின் திரையை இரண்டு புத்தகங்களில் சாய்த்து வைத்து இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையைத் தட்டினாள். 2025 மார்ச்சில் எம்4 ஏர் 99,900 ரூபாய்க்கு வந்தது. எம்3-இன் அறிமுக விலையைவிட 15,000 குறைவு. அவள் கணக்கு பலித்தது. ஆனால் அறிக்கையை அவள் சமர்ப்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.