சிக்கிள் செல் வலி வரும்போது வீட்டில் உள்ளவர்கள் செய்யும் தவறுகள்

தங்கைக்கு முதல்முறை அந்த வலி வந்தபோது நான் செய்த முதல் காரியமே தப்பு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு துடித்தவளுக்கு, அடிபட்ட வீக்கத்துக்கு வைப்பதுபோல ஐஸ் வைத்தேன். சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்கு ஐஸ் ஆகவே ஆகாது.

இந்த நோயில், உருண்டையாக, நெகிழ்ந்து போக வேண்டிய சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறையும்போது அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடும். சின்ன ரத்தக் குழாய்களில் அவை அடைத்துக்கொள்ள, அதற்கு அப்பால் ரத்தம் கிடைக்காத எலும்பும் சதையும்தான் வலிக்கின்றன. குளிர் பட்டால் குழாய் இன்னும் சுருங்கும். வெந்நீர்ப் பை, கம்பளி, குடிக்க நிறைய வெதுவெதுப்பான தண்ணீர், இவைதான் வேண்டும். எங்கள் நீலகிரிக் கூடலூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கவும் விடாதீர்கள்.

அடுத்தது, “நடிக்கிறா” என்று சொல்வது. இதை என்னால் பொறுக்கவே முடியாது. இந்த வலிக்குப் பெரும்பாலும் வெளி அடையாளம் கிடையாது. வீக்கம் இருக்காது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலியை மறக்கச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தையிலிருந்தே வலியோடு வளர்ந்தவர்கள் அழாமல் இருக்கப் பழகியிருப்பார்கள். “பத்துக்கு எத்தனை வலிக்குது?” என்று கேளுங்கள். எட்டு என்றால் எட்டுதான். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. ஆனாலும் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் “வாயுப் பிடிப்பு” என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள். அதிலிருந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டும் மாத்திரைப் பட்டியலும் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கின்றன.

“பழகிப் போயிடும்” என்று பயந்து வலி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். கடும் வலிக்கு ஆஸ்பத்திரியில் ‘மார்பின்’ என்ற வலுவான வலி மருந்துகூடத் தேவைப்படும். மருத்துவர் பார்த்து அளவாகக் கொடுப்பதற்கு அஞ்ச வேண்டாம். அதேசமயம் கடையில் நீங்களே வாங்கிக் கொடுப்பதில் கவனம் வேண்டும். பேர் வேறாக இருந்தாலும் இரண்டு மாத்திரையிலும் பாராசிட்டமாலே இருக்கலாம், அளவு மீறிவிடும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும், கேட்காமல் கொடுக்காதீர்கள்.

விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் செயலிழப்பு, குழந்தை திடீரென வெளுத்து வயிறு வீங்குதல், ஆணுறுப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் விறைத்தே இருத்தல். இதில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலி விட்டதும் பலர் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது வலியை அந்த நேரம் அடக்கும் மருந்து அல்ல. மாதக்கணக்கில் தொடர்ந்து எடுத்தால்தான் வலி வருவது குறையும். இடையிடையே ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் மாத்திரை போட்டதும் அடுப்படிக் காலண்டரில் தங்கையே ஒரு டிக் போடுவாள். டிக் இல்லாத நாளில் அம்மா கேட்பார்.